நெல்லிக்கனியும் சாகத் தெரிந்த செல்லும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் பாரவண்டிகள் தொப்பூர் கணவாயில் கியரைக் குறைத்து, உறுமிக்கொண்டே இறங்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், மிதித்து மிதித்தே பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். பிறகு அந்த வண்டி தான் மட்டும் கவிழ்வதில்லை. முன்னால் போகிறவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

நிற்கத் தெரியாத செல்லும் அப்படித்தான். அதைத்தான் புற்று என்கிறோம்.

அதைத் தடுக்க உடல் வைத்திருக்கும் காவல்களில் முக்கியமானது, 1979-இல் கண்டறியப்பட்ட பி53 புரதம். அதன் மரபணு மனிதரின் 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டி.என்.ஏ. சேதமானால் பி53 முதலில் செல் பிரிவதை நிறுத்திவைத்து, பழுது பார்க்க அவகாசம் தரும். பழுது தீராது என்றால் வேறு மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றில் ஒன்று தரும் பாக்ஸ் புரதம், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிடும். சைட்டோகுரோம் சி அங்கிருந்து கசிந்ததும் காஸ்பேஸ் நொதிகள் விழித்து, செல்லை உள்ளிருந்தே நறுக்கத் தொடங்கும். செல் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரியும். பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். வீக்கமில்லை, சீழில்லை. 1972-இல் இந்தச் சாவுக்கு அபோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மனிதருக்கு வரும் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் பி53 மரபணு பழுதாகியிருக்கிறது.

அப்படியானால் சாவு உயிருக்குப் பகையா, உயிரின் ஒழுங்கிலேயே ஒரு பகுதியா?

தொப்பூர் பழைய தகடூர் நாட்டு மண். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை அந்நாட்டை ஆண்ட அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்ததைப் புறநானூறு சொல்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டதைப் பாறைக் கல்வெட்டு பதிந்திருக்கிறது. இருவரும் ஆயுளைப் பற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் அறிந்து, தாமே தேர்ந்தவர்கள். செல்லுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அதன் சாவைத் தியாகம் என்று போற்றுவது பொருந்தாது.

பழுதானது சாக வேண்டும் என்ற செல்லின் கணக்கை மனிதர்மேல் போடுவது இன்னும் கொடியது. செல் உடலுக்காகவே இருக்கிறது. மனிதர் ஊருக்காக மட்டும் பிறந்தவர் அல்லர். நோயாளியையும் முதியவரையும் பழுதான செல் என்று கழித்துவிடப் பார்க்கும் எந்தத் தத்துவத்தையும் மறுத்தே ஆக வேண்டும்.

செல் நமக்குக் காட்டுவது வேறு. சாவு, பிறப்புக்கு முன்பே உடலுக்குள் வேலை பார்க்கிறது. கருவில் கை முதலில் துடுப்புபோல, விரல் பிரியாமல்தான் இருக்கும். இடையிலுள்ள செல்கள் இதே ஒழுங்கில் மடிந்த பிறகே ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும். நெல்லிக்கனியை நீட்டிய அதியமானின் விரல்களும், வாங்கிக்கொண்ட ஔவையின் விரல்களும் அப்படிப் பிரிந்தவையே.