கேட்பதும் தர்மமே

அய்யா உண்டு.

மாசி பிறந்துவிட்டால் மதுரைச் சீமையில் வாழும் அன்புக்கொடி மக்களின் மனம் தெற்கு நோக்கித் திரும்பிவிடும். கொல்லம் ஆண்டு 1008, மாசி 20ஆம் நாள், ஆங்கிலக் கணக்கில் 1833ஆம் ஆண்டு, அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலில் இருந்து வெளிப்பட்டார். அந்த நாளைக் கொண்டாட மதுரை நகரில் இருந்தும் சுற்றியுள்ள ஊர்களில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டி பிடித்துச் சாமிதோப்புக்குப் புறப்படுகிறார்கள். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி என்று ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வழி.

வழியெல்லாம் வாய் அய்யாவின் நாமத்தைச் சொல்கிறது. கண் பதியின் கொடியைத் தேடுகிறது. கை தர்மம் இடுகிறது. காது என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. அதே வண்டியின் பின்னிருக்கையில் தாய் இருக்கிறாள், மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள். முந்தைய இரவு தூங்காமல் கட்டுச்சோறு கட்டியவர்கள் அவர்கள். எந்த நாளில் புறப்படுவது, எங்கே தங்குவது, அய்யாவிடம் என்ன வேண்டிக்கொள்வது என்று ஒன்றிலும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காத வீடுகள் எத்தனையோ உண்டு. பக்கத்தில் இருக்கும் பெண்ணின் குரல் காதில் ஏறாத ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியாத அய்யாவின் குரல் எப்படிக் கேட்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் போகிற யாத்திரையில் தூரம் கழியும். மனம் புறப்பட்ட இடத்திலேயே இருக்கும்.

தமிழில் "கேள்" என்ற ஒரே சொல்லுக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒருவரிடம் வினவுவதும் கேட்பதுதான். அவர் சொல்வதற்குச் செவி கொடுப்பதும் கேட்பதுதான். "பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டான்" என்னும்போது, சொன்னபடி நடந்தான் என்பதே பொருள். வினவாமல் செவி கொடுக்க முடியாது. செவி கொடுத்துவிட்டு நடவாமல் இருந்தால் அது கேட்டதாகாது. இந்த மூன்றும் சேர்ந்ததே கேட்பது. பெண்ணின் குரல் கேட்கப்படவில்லை என்றால், இந்த மூன்றில் எது தவறியது என்று பார்க்க வேண்டும்.

அய்யாவின் வழி தொடங்கிய இடத்திலேயே ஒரு பெண் நிற்கிறார். நோயுற்ற மகனைத் தொட்டிலில் கிடத்தித் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்றபோது தாய் வெயிலாள் அம்மையும் உடன் சென்றார். மகன் கடலுக்குள் போன பிறகு கரையில் காத்திருந்தது அந்தத் தாய் மனம். கடலில் இருந்து வந்தவர் தாம் இனி நாராயணரின் பிள்ளை என்று சொன்னபோது, அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டதும் ஒரு தாயின் செவிதான். 1841இல் அரிகோபாலன் சீடர் எழுதிய ஏட்டின் பெயரோ அகிலத்திரட்டு அம்மானை. அம்மானை என்பது பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்துப் பாடி ஆடிய ஆட்டம். உலகின் தோற்றமும் கலியின் கொடுமையும் தர்மயுகத்தின் வரவும் சொல்கிற ஏடு, பெண்கள் பாடிய பாட்டின் வடிவத்தை ஏற்றுக்கொண்டது. ஏழு கன்னிமார் தாங்கள் பெற்ற பிள்ளைகளைப் பிரிந்து தவமிருந்த துயரத்தையும் அந்த ஏடு மறைக்காமல் சொல்கிறது.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் பெண்கள் பட்ட பாட்டை அன்புக்கொடி மக்கள் அறிவார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளின் பெண்கள் மேலாடை அணியக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக்கூடாது. உடம்பை மூடுவதும் குடத்தை வசதியாகத் தூக்குவதும்கூடக் குற்றமாக இருந்தன. அய்யா அந்த வேதனைக்குச் செவி கொடுத்தார். ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்ன அதே நாவால், பெண்களும் மானத்தோடு உடுத்தி நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றார். முந்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கச் செய்தார். அய்யா வைகுண்டம் ஏகியது 1851இல். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரசாணை 1859 ஜூலை 26இல்தான் வந்தது. அதற்கு முன் சந்தையிலும் சாலையிலும் சேலை கிழிக்கப்பட்டு நின்ற பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. பெரும்பாலோரின் பெயரும் இல்லை. ஆணையில் அரசரின் பெயர் இருக்கிறது. ஆணை வரக் காரணமாக இருந்த குரல்களுக்குப் பெயர் இல்லை.

தெற்கே நடந்த கதை இது என்று மதுரை மக்கள் நினைக்க வேண்டாம். மதுரையின் பழைய கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கேளாத செவியால் வந்த கேடே திரும்பத் திரும்ப வருகிறது.

பாண்டியன் பொற்கொல்லனின் பேச்சை மட்டும் நம்பிக் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். அந்தச் சிலம்பு யாருடையது என்று வினவவில்லை. கண்ணகி வாயிலில் வந்து நின்று, சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது மாணிக்கம் என்று காட்டிய பிறகுதான் உண்மை தெரிந்தது. பாண்டியனைக் கொடியவன் என்று உலகம் சொல்லாததற்கு ஒரே காரணம், கேட்டபின் அவன் சாக்குச் சொல்லவில்லை. தன் தவறை ஏற்று உயிரை விட்டான். முதல் கேட்டலில் தவறினான், மூன்றாம் கேட்டலில் நின்றான். நடுவில் ஒரு குற்றமற்றவனின் உயிர் போய்விட்டது.

வந்திக் கிழவி பிட்டு விற்றுப் பிழைத்தவள். வைகையில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்றான் மன்னன். ஆள் இல்லாத கிழவி என்ன செய்வாள் என்று அரண்மனையில் எவரும் வினவவில்லை. ஈசனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார். மன்னன் ஓங்கிய பிரம்படி அவர் முதுகில் விழுந்தபோது, எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. அடித்தவனின் முதுகிலும் விழுந்தது. ஒரு கிழவியின் குரல் கேட்கப்படாமல் போனால் அந்த வலி ஊர் முழுவதற்கும் பொது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

இராணி மங்கம்மாள் பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சி செய்தவர். வழிப்போக்கர்களுக்காகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர். மதுரை இரயில் நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் சத்திரம் இன்றும் நிற்கிறது. கன்னியாகுமரி நோக்கிப் போகும் பழைய வழியை மங்கம்மாள் சாலை என்று சொல்வார்கள். எத்தனையோ பேரின் பசி ஆற்றிய அந்த அம்மை, கடைசியில் சிறையில் பட்டினி கிடந்து இறந்ததாக மதுரை மக்கள் கதை சொல்கிறார்கள். அன்னதர்மம் செய்கிற மக்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய கதை இது. சோறு இட்ட கை சோறு கேட்டபோது, கேட்க ஆளில்லை.

அண்மைக் காலத்து உசிலம்பட்டி இதைவிடக் கசப்பானது. பிறந்த பெண் குழந்தைக்கு எருக்கம்பால் கொடுத்த கொடுமையை 1986இல் பத்திரிகைகள் வெளியே கொண்டு வந்தன. அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2001இல் மதுரைக்கும் விரிந்தது. அந்தக் குழந்தைகளின் குரல் அழுகையோடு முடிந்துபோனது. ஆனால் அங்கே இன்னொரு குரலும் இருந்தது. பெற்ற தாயிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று அந்த அறையில் யாராவது வினவினார்களா? பல வீடுகளில் பாலைக் கொடுத்த கை மாமியாரின் கை, அல்லது வேறொரு மூத்த பெண்ணின் கை. அதனால் "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்று சொல்லி ஆண்கள் எளிதாக நகர்ந்துவிட்டார்கள். வரதட்சணைக் கணக்கு, நிலத்தின் கணக்கு, வீட்டுப் பெருமையின் கணக்கு இவையெல்லாம் ஒரு கிழவியின் வாய் வழியாகப் பேசின. கலி பேசும்போது தன் வாயால் பேசுவதில்லை. பெரும்பாலும் தன்னால் நசுக்கப்பட்டவரின் வாயைக் கடன் வாங்கிப் பேசும். ஆகவே பெண்ணின் குரலைக் கேட்பது என்றால், சொன்ன சொல்லோடு நின்றுவிடக் கூடாது. அந்தச் சொல்லைச் சொல்ல வைத்தது எது என்றும் வினவ வேண்டும்.

இங்கே இரண்டு ஐயங்கள் எழும். அய்யாவின் முன்னால் ஆண் என்றும் பெண் என்றும் பேதம் உண்டா, பெண் குரலுக்கு மட்டும் ஏன் தனிச் செவி என்பது ஒன்று. அய்யாவுக்குப் பேதம் இல்லை. வீட்டில் பேதம் இருக்கிறது. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதே தர்மம் என்பது அய்யாவின் போதனை. குனிந்து நிற்பவரின் குரல் நிமிர்ந்து நிற்பவரின் காதுக்குத் தானாக ஏறாது. நிமிர்ந்தவர்தான் குனிய வேண்டும்.

பொறுமையே பெரிது என்று அய்யா சொல்லியிருக்க, பெண்கள் பொறுத்துப் போவது நல்லதுதானே என்பது மற்றொன்று. பேச முடிந்தவர் பேசாமல் இருப்பது பொறுமை. பேசினால் அடி விழும், பேசினால் வீடு பிரியும் என்று அஞ்சி வாய் மூடுவது அச்சம். இரண்டும் வெளியில் இருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். அச்சத்தைப் பொறுமை என்று புகழ்வது, கட்டப்பட்ட மாட்டைப் பார்த்து அது எங்கும் ஓடாத நல்ல மாடு என்று சொல்வதைப் போன்றது.

கேட்டலின் மூன்று நிலைகளும் கூடிவந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மதுரை மண்ணிலேயே சான்று உண்டு. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரி கிராமத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மா எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. தம்முடன் வேலை செய்த பெண்களுக்காக நிலக்காரர்களிடம் கூலி பேசினார். வட்டிக் கடனில் இருந்து பெண்களை மீட்கக் களஞ்சியம் மகளிர் குழுக்களில் முன்னின்றார். 2001 ஜனவரியில் டெல்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. பிரதமர் குனிந்ததை நாடே பேசியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வேலை முடிந்து களைத்து வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கஷ்டத்தை ஒருவர் வினவினார்கள், செவி கொடுத்தார்கள், கேட்டபடி காசு சேர்த்து உதவினார்கள். டெல்லிக்குக் கேட்ட குரல் முதலில் கேட்டது அந்த வட்டத்தில்தான்.

நிழல் தாங்கலிலும் அப்படி ஒரு வட்டம் அமையலாம். தாங்கலின் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பதன் பொருளை எல்லோரும் அறிவார்கள்: உன்னுள்ளே இறைவன் இருக்கிறார். அந்தக் கண்ணாடி முன் கணவன் நின்றால் கணவனின் முகம் தெரியும். மனைவி நின்றால் மனைவியின் முகம்தான் தெரியும். அவளுக்குப் பதிலாகக் கணவனின் முகத்தைக் கண்ணாடி காட்டுவதில்லை. இறைவன் குடியிருக்கும் முகம் என்று அவளை அய்யா தனியே நிறுத்தியிருக்க, வீட்டில் மட்டும் அவளுக்காக இன்னொருவர் பேசிவிடுவது எந்த முறையில் சேரும்? கண்ணாடி முகத்தைக் காட்டும், குரலைக் காட்டாது. குரலைக் கேட்க வேண்டுமானால் கண்ணாடியில் இருந்து சற்றுத் திரும்பி, பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டும்.

யாத்திரை இதற்கு நல்ல பள்ளிக்கூடம். விடியும் முன் திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை மொட்டுப் பறிப்பவர்கள் பெண்கள். சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி வேலையில் விரல் தேய்ந்தவர்கள் பெண்கள். சாமிக்குச் சார்த்தும் பூவும் விளக்கேற்றும் தீக்குச்சியும் அந்தக் கைகளைக் கடந்தே வருகின்றன. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு வார்த்தை விசாரித்தால், ஏட்டில் இல்லாத எத்தனையோ செய்திகள் கிடைக்கும்.

வெளியாரிடம் விசாரிப்பதற்கு முன் வீட்டாரிடம் விசாரிக்க வேண்டும். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்று சொல்பவரிடம், அந்த அப்புறம் எப்போது வந்தது என்று கேட்கட்டும். "ஒண்ணுமில்லை" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதையே விடையாக எடுத்துக்கொண்டு போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்கட்டும். யாத்திரைக்கு வராமல் வீட்டைக் காக்க நின்றுவிட்ட தாயிடம், "உங்களுக்காக அய்யாவிடம் என்ன வேண்டிக்கொள்ள?" என்று கேட்டுவிட்டுப் புறப்படட்டும். தாங்கலில் கஞ்சி காய்ச்சிய பெண்களுக்கு அடுத்த முறை ஆண்கள் பரிமாறட்டும். ஏடு வாசித்து முடிந்ததும், கேட்டிருந்த பெண்கள் தங்களுக்குப் பட்டதைச் சொல்ல ஒரு நாழிகை ஒதுக்கட்டும். சொன்னவுடன் மறுத்துப் பேசாமல், சொன்னதில் செய்யக்கூடிய ஒன்றையாவது அந்த வாரமே செய்யட்டும்.

அன்னம் இடுவதற்கு அரிசி வேண்டும், துணி கொடுப்பதற்குப் பணம் வேண்டும். செவி கொடுப்பதற்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஏழையும் செய்யக்கூடிய தர்மம் அது. செல்வர் பலர் செய்யத் தவறும் தர்மமும் அதுவே. வினவி, செவி கொடுத்து, கேட்டபடி நடக்கும் வீட்டில் கலிக்குக் கடன் வாங்க ஒரு வாய் கிடைக்காது.

அய்யா உண்டு.