முகம் சான்றாகுமா?

காலிழந்தவரைக் கண்டால் கண் கலங்குகிறோம். கையிழந்தவரைக் கண்டால் இரங்குகிறோம். கையும் காலும் திடமாக இருந்தும் ஒருவர், "உழைக்க இயலவில்லை" என்றால் நம் உள்ளத்தில் எழுவது இரக்கமா? ஐயம்! "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்!" என்று நொடியில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்பு நீதியானதா என்பதே நம் கேள்வி.

பொருநை பாயும் நெல்லைச் சீமையில் நெல்லோடு நூலும் விளைந்தது. பாபநாசத்து மலையடியில், விக்கிரமசிங்கபுரத்தில், 19ஆம் நூற்றாண்டிலேயே ஆற்று நீரின் விசையால் ஆலை சுழன்றது. பஞ்சு பிழைப்புத் தந்தது. ஆனால் பஞ்சோடு தூசியும் பிறக்கிறதே! எந்த நாட்டு ஆலையாயினும், தூசியைத் தடுக்காவிடில் அது தொழிலாளியின் நெஞ்சைத் தாக்கி நோயாகிறது. பிசினோசிஸ் என்பது அந்நோயின் பெயர். நார் சீவுவோரின் இருமலைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இலேயே எழுதினார்.

இந்நோயின் இயல்பு விந்தையானது. வார ஓய்வு கழிந்து திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். தொடக்க நிலையில், நாள் செல்லச் செல்ல அது தணியும். எக்ஸ்ரே படத்திலோ இந்நோய்க்கே உரிய அடையாளம் எதுவும் விழாது. வியாழக்கிழமை மருத்துவர்முன் நிற்பவர் நலமுள்ளவராகவே தோன்றுவார். ஆண்டுகள் சென்று நோய் முற்றினால், எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும்!

தொழிலாளர் அரசு காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் பிசினோசிசும் உண்டு. உழைப்புத் திறன் எவ்வளவு குறைந்தது என மருத்துவக் குழு மதிப்பிட, அதற்கேற்ப உதவித்தொகை கிடைக்கும். மதிப்பீடு தற்காலிகமானதாயின், மீண்டும் குழுவின்முன் நிற்கவேண்டும். அதற்கிடையில் அவர் சிரிக்கலாமா? சந்தைக்குப் போகலாமா? "அம்பாசமுத்திரம் சந்தையில் காய்கறிப் பையோடு கண்டேன்" என்று ஊரார் ஒருவர் சொன்னால் போதும், பொய்யர் என்ற பட்டம் தயார். சந்தையில் அவரைக் கண்ட கண், வீடு திரும்பி இரண்டு நாள் திண்ணையில் மூச்சிரைக்கச் சாய்ந்து கிடந்ததைக் கண்டதா? தன்மானமுள்ள மனிதரை நோயாளி வேடம் போடவைக்கும் கொடுமை இது.

"பகுத்தறிவு பேசுவோரே, சான்றின்றி நம்பலாமா? பொய்யர் புகுந்தால் பொதுப்பணம் பாழாகாதா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. அது பாட்டாளியின் பணமும்கூட. 2019 சூலை முதல் கூலியில் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளியும், 3.25 விழுக்காட்டை முதலாளியும் செலுத்துகின்றனர். ஆகவே சான்று வேண்டும் என்றே நாமும் கூறுகிறோம். ஆனால் எது சான்று? காசநோய்க் கிருமியை 1882இல் கோக் உலகுக்குக் காட்டினார். அதற்கு முன்பு காசம் யாரையும் கொல்லவில்லையா? திங்கட்கிழமை வேலைக்கு முன்னும் பின்னும், ஒரு நொடியில் வெளிவிடும் மூச்சை அளந்தால் குறைவு புலப்படும். உரிய நேரத்தில் உரிய கருவிகொண்டு அளப்பது அறிவு. முகத்தைப் பார்த்து முடிவு கட்டுவது சோதிடம்!

1995ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனை 7 வகையாக எண்ணிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 ஆக்கிற்று. குருதி உறையாமை போன்று பார்வைக்கு எளிதில் படாதனவும் இடம் பெற்றன. வரவேற்கிறோம். ஆயினும் நுரையீரல் நோய்க்கு அப்பட்டியலில் தனி இடம் இல்லை.

அளந்தும் ஐயம் தீராத நேரம் வரலாம். அப்போது எந்தப் பக்கம் சாய்வது? பொய்யர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், நிதியில் சில காசு குறையும். மெய்யாகவே நோயுற்றவருக்கு மறுத்துவிட்டால், சோறும் மருந்தும் மானமும் ஒருங்கே போகும். முதல் தவற்றைப் பின்னர்த் திருத்தலாம்; இரண்டாவதைத் திருத்துமுன் ஓர் உயிரே போய்விடலாம்.

ஆதலின், "முகம் எப்படி இருக்கிறது?" என்று பார்ப்பதை விடுவோம். "திங்கட்கிழமை எப்படி இருந்தது?" என்று கேட்போம். கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்போம். மூச்சு வாங்குபவரால் விரைந்து பேச இயலாதல்லவா?