கொழுக்கட்டையும் சித்தாந்தமும்

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரை (1878–1953) இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அட்டகிரிக் கலம்பகமும் கதிரைச் சிலேடை வெண்பாவும் பாடிய சைவப் புலவர் ஒருவர். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவருக்குப் பாடிக்கொடுத்த தங்கத் தாத்தா இன்னொருவர். முன்னதில் சமயம், பின்னதில் பொழுதுபோக்கு என்று கணக்கை முடித்துவிடுகிறோம். வட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 40 ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடஞ்சொன்னவரின் சமயத்தை அறியப் பின்னதையே முதலில் கையில் எடுக்கவேண்டும் என்பேன். சைவ சித்தாந்தம் உலகைப் பொய்த்தோற்றம் என்று தள்ளுவதில்லை. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய உட்கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு இறைவன் இரங்கித் தந்தவை என்கிறது. அப்படியானால் நாவில் படும் இனிப்பும் அருளின் பாற்பட்டதே. ஆடிப்பிறப்புப் பாட்டில், ஆடி முதல் நாள் யாழ்ப்பாணத்து அடுப்படியில் வறுத்த மா, பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி எல்லாம் சேர்ந்து கொழுக்கட்டையும் கூழும் ஆகின்றன. கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்துகிறார்கள். புலவர் இவற்றை எந்தத் தத்துவத்துக்கும் உவமையாக்கவில்லை. பண்டத்தைப் பண்டமாகவே, மணத்தோடும் சுவையோடும் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறார். பனையின் பெருமையைத் தாலவிலாசம் என்று தனி நூலாகவே பாடியவருக்கு அது இயல்பாகவே வந்தது.

போகம் நுகர்ந்து கழிப்பதற்கு, கொண்டாடுவதற்கு அல்ல என்று சித்தாந்தம் கற்றோர் மறுக்கலாம். வலுவான மறுப்புத்தான். நல்வினை தீவினை இரண்டையும் சமமாகக் கொள்ளும் இருவினை ஒப்பும், ஆணவம் நீங்கும் பக்குவமாகிய மலபரிபாகமும் இல்லாமல் வீடு இல்லை. ஆனால் பற்றறுத்தல் பக்குவம் வந்தபின் நிகழ்வது. பத்து வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது உயிரின் படிநிலைகளை மறந்த போதனை. தந்தவனை அறியுமுன் தந்தது இனிது என்று பிள்ளை அறியட்டும். ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் ஒழுக்கத்தைக் கற்பித்தன. அந்தக் காலத்துக்கு அது வேண்டியிருந்தது. மகிழ்ச்சியையும் சைவப் பிள்ளையின் உரிமையாக்கியவர் புலவர்.

இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கொழுக்கட்டை எந்த வீட்டில் அவிந்தது? ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை பள்ளி வாங்கில் சமமாக இருத்துவதற்கே 1920களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் சைவர் பலர். புலவரின் பாட்டு இந்தக் கேள்வியைத் தொடவில்லை, அதை மறைத்துப் பயனில்லை. ஆயினும் போகம் இறைவன் தந்தது என்று ஒப்புக்கொண்டவர், அதை இன்னொருவர் பிள்ளைக்கு மறுக்கச் சித்தாந்தத்தில் இடம் தேட முடியாது. தோழர்களைக் கூவி அழைத்தே தொடங்கும் ஒரு பாட்டை மனப்பாடம் செய்வித்துக்கொண்டு, வகுப்பில் சில பிள்ளைகளை நிலத்தில் இருத்தியவர்கள், பாட்டையும் படிக்கவில்லை, சைவத்தையும் படிக்கவில்லை.