பல்லவி பட்டம்மாள்

1919இல் பிறந்து காஞ்சிபுரத்தில் வளர்ந்த கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாளுக்குக் குருகுலவாசம் வாய்க்கவில்லை. கச்சேரி கேட்டு வீடு திரும்பியதும், மறந்துபோவதற்குள் பாட்டை எழுதி வைத்துக்கொள்வார், சகோதரர்களும் கைகொடுப்பார்கள். கேள்வி ஞானம் என்றால் அதுதான்!

பெண்களுக்குப் பல்லவி எதற்கு என்றிருந்த காலம். பல்லவி என்றால், ஒரே வரியைக் கையில் தாளம் போட்டபடி விளம்பம், மத்திமம், துரிதம் என்று மூன்று காலத்திலும் பாடி, ஸ்வரங்களை அடுக்கி, அரை அட்சரமும் பிசகாமல், பல்லவி தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேர வேண்டும். அது ஆண்களின் வித்தை என்றே பலரும் நம்பினார்கள். பட்டம்மாள் அதைக் கச்சேரி மேடையில் விஸ்தாரமாகப் பாடினார், கடினமான தாளங்களிலும். எவ்வளவு பெரிய துணிச்சல்!

1970இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வந்தது. அவர் பாடிய பாரதியார் பாடல்களை மட்டுமே கேட்டிருப்பவர்கள், அந்தப் பல்லவிப் பதிவுகளையும் அவசியம் தேடிக் கேளுங்கள்.