பிஞ்சு நெஞ்சிலே பொய் விதைக்கலாமா?

"கதைதானே!" என்று கூறிக் கைகழுவிக் கொள்வோர் உண்டு. சிறுவர்க்கென எழுதப்படும் வரலாற்றுப் புதினத்திலே இல்லாத பெருமை ஏற்றப்படினும், இருந்த கொடுமை மறைக்கப்படினும், "கதைதானே, கற்பனைதானே, களிப்புக்குத்தானே!" என்று வாதிடுவர். அந்த வாதம் கேட்க இனிமையானது, ஆனால், பொறுப்பற்றது.

கற்பனை வேறு, பொய் வேறு. கதைத்தலைவன் உண்மையில் வாழ்ந்தவன் அல்லன் என்று சொன்னால் எந்தச் சிறுவனும் ஏமாற்றப்பட்டதாகக் கருதமாட்டான். அது அவன் அறிந்தே ஏற்றுக்கொண்ட விளையாட்டு. ஆனால் அத்தலைவன் நடமாடும் நாடு, அவன் எதிர்த்த பகை, அங்கே ஆண்டவர் யார், அடங்கியவர் யார், மனிதராக மதிக்கப்பட வேண்டியவர் யார் என்ற கணக்கு — இவற்றையெல்லாம் அவன் உண்மை என்றே கொள்கிறான். முதியவரிடம் ஒத்துப்பார்க்க வேறு நூல்கள் உண்டு. முரண்பட்டால் ஐயுறும் பழக்கமும் உண்டு. சிறுவனிடம் இருப்பது அந்த ஒரு நூல். அதை எழுதியவர்மீது கொண்ட நம்பிக்கை. வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் நான் காண்பது இது: பாடநூலின் ஆண்டுகள் தேர்வு முடிந்த மறுநாள் மறந்து போகின்றன, கதையிலே கண்ட காட்சி மறப்பதில்லை. ஆகவே, ஒத்துப்பார்க்க இயலாதவனுக்கு எழுதுகிறவன், ஒத்துப்பார்க்க வல்லவனுக்கு எழுதுகிறவனைவிட மிகுந்த கடமை உடையவன். என் வாதம் இதுவே. இதற்குச் சான்றாக மேல்நாட்டு எழுத்தாளர் நால்வரைக் காண்போம்.

ஆங்கில நாட்டிலே ஜி. ஏ. ஹென்டி (1832–1902) என்பவர் இருந்தார். போர்முனைச் செய்தியாளர், பின்னர் சிறுவர்க்கென நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிக் குவித்தவர். முன்னுரைகளிலே சிறுவரை அன்புடன் விளித்துப் பேசுவார். 1884-இல் வெளிவந்த அவருடைய ‘கிளைவுடன் இந்தியாவில்’ என்ற நூலிலே நம் ஆர்க்காடும் வருகிறது. 1751-இல் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றது வரலாறு. அவன் கொண்டு சென்ற சிறுபடையிலே ஏறத்தாழ 200 பேர் ஐரோப்பியர். 300 பேர் இந்நாட்டுச் சிப்பாய்கள். கதைத்தலைவனோ ஆங்கிலச் சிறுவன்! எண்ணுவதும் துணிவதும் வெல்வதும் ஆங்கிலேயர்; துணையாளராகவும் பணியாளராகவும் பகைவராகவும் வருவோர் இந்நாட்டார். போர் நடந்த ஆண்டு தவறில்லை, இடம் தவறில்லை. ஆயினும் யாருடைய நெஞ்சுக்குள் நுழைந்து பார்ப்பது, யாரை வெளியே நிறுத்தி வைப்பது என்ற தேர்விலேயே பேரரசின் பாடம் முடிந்துவிடுகிறது. அப்பாடத்தைப் படித்து வளர்ந்த ஆங்கிலச் சிறுவர் பல்லாயிரவர். ஒரு நாடு மற்றொரு நாட்டை ஆள்வது ஞாயிறு கிழக்கே எழுவதுபோல் இயல்பானது என்று அவர்கள் எண்ணியதில் வியப்பென்ன?

ஹென்டி பேரரசின் முரசு. அதை வெளிப்படையாகவே கொட்டினார். முரசு கொட்டாமல், மெல்லிய குரலிலே, அன்பு ததும்ப எழுதும் நூலிலும் அநீதி ஒளிந்திருக்கக் கூடும். அமெரிக்காவின் லாரா இங்கல்ஸ் வைல்டர் தம் இளமை நினைவுகளைக் கதையாக்கியவர். ‘புல்வெளியில் சிறிய வீடு’ என்ற அவருடைய நூல் 1935-இல் வெளிவந்தது. கான்சாஸ் புல்வெளியிலே குடியேறும் ஒரு குடும்பத்தின் கதை. தந்தையின் உழைப்பு, தாயின் பொறுமை, குழந்தைகளின் வியப்பு — படிப்போர் உள்ளம் உருகும். ஆனால் அந்தக் குடும்பம் குடியேறிய மண் ஓசேஜ் மக்களுக்கு உரியது. அந்நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே மக்களே இல்லை, இந்தியர் மட்டுமே இருந்தனர் என்னும் பொருள்பட நூலின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்கப் பழங்குடியினரை அந்நாட்டார் ‘இந்தியர்’ என்றழைத்த காலம் அது. மக்கள் வேறாம், இந்தியர் வேறாம்!

பதினேழு ஆண்டுகள் இந்த வரி அச்சேறிக் கொண்டே இருந்தது. 1952-இல் வாசகர் ஒருவர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். முதுமையில் இருந்த வைல்டர் தவற்றை ஒப்பினார். 1953-இல் வந்த பதிப்பிலே ‘மக்கள்’ என்ற சொல் ‘குடியேறியோர்’ என்று மாற்றப்பட்டது. அவர் வேண்டுமென்றே இழிவுபடுத்தினார் என்று நான் கூறவில்லை. கொடுமை அதைவிடப் பெரியது! எழுதியவருக்கும் உறுத்தவில்லை, பதிப்பித்தவருக்கும் உறுத்தவில்லை, பதினேழு ஆண்டுகள் பெற்றோரும் ஆசிரியரும் உரக்கப் படித்துக் காட்டியபோதும் நா தடுமாறவில்லை. ஆனால் ஒரு பழங்குடிச் சிறுமி வகுப்பிலே அமர்ந்து அந்த வரியைக் கேட்டிருந்தால், தான் மக்களில் ஒருத்தி அல்லள் என்று ஆசிரியர் வாயாலேயே கேட்டிருப்பாளன்றோ? 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, வைல்டர் பெயரால் வழங்கி வந்த பரிசின் பெயரை மாற்றியது. நூல் எரிக்கப்படவில்லை, தடுக்கப்படவுமில்லை. அதுவே முறை. பழைய நூலைப் படிக்கட்டும். பக்கத்திலே அமர்ந்து கேள்வி எழுப்பும் ஆசிரியரும் இருக்கட்டும்.

இதுவரை கூறியதைக் கேட்டுத் தலையசைத்த தோழர், இனிக் கூறுவதையும் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன். "அவர்கள் தம் பெருமையை எழுதினார்கள், நாம் நம் பெருமையை எழுதுவோம். அவர்கள் ஏழையை மறைத்தார்கள்; நாம் ஏழையை எந்தக் குறையும் இல்லாதவனாகக் காட்டுவோம்" என்று ஆர்வமிக்க இளைஞர் எண்ணுவதுண்டு. நோக்கம் நல்லது; ஆதலால் பொய்யும் நல்லதாகிவிடுமா?

இங்கிலாந்தின் ஜெஃப்ரி ட்ரீஸ் (1909–1998) இளமையிலே இந்தக் கேள்வியைச் சந்தித்தவர். ஹென்டி வழிவந்த கதைகளை வெறுத்த அவர், 1934-இல் ராபின் ஹூட் கதையை அடித்துத் திருத்தி எழுதினார். நல்ல மன்னன் வருகைக்காகக் காத்திருக்கும் பழைய ராபின் அல்லன் இவன். பிரபுக்களை எதிர்த்து ஏழை உழவரைத் திரட்டும் தலைவன். துணிச்சலான நூல். ஆயினும், இடைக்கால உழவன் வாயிலே இருபதாம் நூற்றாண்டு மேடைப்பேச்சு ஒலித்தது. பிற்காலத்தில் அந்நூலை ட்ரீஸ் தாமே திருத்தினார்.

1940-இல் அவர் எழுதிய மற்றொரு புதினத்தைப் பாருங்கள். எலிசபெத் அரசி காலம். ஊருக்குப் பொதுவான நிலத்தை ஒரு நிலவுடைமையாளன் மதிலெழுப்பி வளைத்துக் கொள்கிறான். இரவோடு இரவாக ஊரார் அந்த மதிலை இடிக்கிறார்கள். அதில் பங்குகொண்ட சிறுவன் ஒருவன் ஊரைவிட்டு ஓடுகிறான்; அங்கிருந்து கதை விரைகிறது. முழக்கம் எங்கே? இல்லை. பொதுநிலம் பறிபோன வரலாற்று உண்மை அந்த மதிலிலே இருக்கிறது. படிக்கும் சிறுவன் தானே அதை இடிக்க விரும்புகிறான். உண்மைக்கு அவ்வளவு ஆற்றல் உண்டு. அதற்கு நாம் பொய்க்கால் கட்டிவிட வேண்டியதில்லை.

அந்த ஆற்றலை முழுமையாகக் கண்டவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லர். ‘இடியோசையே, என் அழுகுரல் கேள்’ என்ற பொருள்படும் பெயரோடு 1976-இல் வெளிவந்த அவருடைய புதினம், மறு ஆண்டே நியூபெரி பரிசு பெற்றது. 1933-இன் மிசிசிப்பி மாநிலம். கறுப்பினச் சிறுவர் பள்ளியிலே முதன்முறையாகப் பாடநூல் வழங்குகிறார்கள். ஆவலோடு வாங்கிய சின்னஞ்சிறுவன் அட்டையின் உட்புறத்தைப் பார்க்கிறான். நூல் எந்த ஆண்டு எந்த இனத்துச் சிறுவனுக்கு வழங்கப்பட்டது, அப்போது அதன் நிலை என்ன என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. பதினொரு முறை வெள்ளையர். நைந்து கிழிந்த பின், பன்னிரண்டாம் முறை, இழிசொல்லால் குறிக்கப்பட்ட அவனுடைய இனம்! நூலை வீசி எறிந்து மிதிக்கிறான் அவன். பிரம்படி விழுகிறது. அதே பள்ளியிலே ஆசிரியையான அவன் தாய், அந்தப் பட்டியலின்மேல் தாளை ஒட்டி மறைத்து நூலைத் தருகிறாள். அடிமை முறையின் உண்மை வரலாற்றைப் பாடநூலுக்கு அப்பாலும் சென்று கற்பித்தமைக்காகப் பின்னர் வேலையிழக்கிறாள்.

இத்தனை எழுதிய டெய்லர், தம் இனத்தாரை மாசற்றவராகக் காட்டினாரா? இல்லை! அந்தத் தாயைக் காட்டிக் கொடுத்தவன் கறுப்பினச் சிறுவனே. பிரம்பெடுத்து அடித்தவளும் கறுப்பின ஆசிரியையே. நேசம் நாடி வருகிறவன் ஒரு வெள்ளைச் சிறுவன். இந்த நேர்மையினாலன்றோ அவர் காட்டும் கொடுமையை ஒருவராலும் மறுக்க இயலவில்லை! தம் தரப்பிலும் குறை சொல்லத் துணிந்தவர் எதிர்த்தரப்பின் குற்றத்தைச் சொல்லும்போது அது சான்றாகிறது. துணியாதவர் சொல்லும்போது அது வழக்குரைஞர் வாதமாகவே நின்றுவிடுகிறது.

"பிஞ்சு உள்ளம் தாங்குமா?" என்று கேட்கும் பெரியோர்க்கு ஒரு சொல். மிசிசிப்பியிலே அந்தப் பட்டியலைக் கண்டவனும் பிஞ்சுதான்; அவனை எவரும் காக்கவில்லை. கொடுமையை வாழ்ந்து தாங்கியவர் சிறுவர் எனில், படித்துத் தாங்கச் சிறுவரால் இயலும். அளவறிந்து சொல்லுங்கள், வயதறிந்து சொல்லுங்கள், ஆனால் மாற்றிச் சொல்லாதீர்கள்.

எழுதுகோல் ஏந்த விரும்பும் இளைஞர்களே! சிறுவர்க்கு வரலாற்றுக் கதை எழுதுங்கள். மாந்தரைப் படையுங்கள், உரையாடலைப் படையுங்கள், காடும் கடலும் கடக்கும் பயணங்களைப் படையுங்கள். அச்சேறுமுன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக் கொள்ளுங்கள்: "இதைப் படிக்கும் சிறுவன் இருபது ஆண்டு கழித்து நூலகம் சென்று உண்மை அறிந்து திரும்பி வந்தால், அவன் முகத்தை நான் நேராகப் பார்க்க முடியுமா?" முடியும் என்றால், எழுதியதைத் தயங்காமல் அச்சுக்குக் கொடுங்கள்.