சேர்த்து வைக்கிறது அவிசுவாசமா?



இந்த மாதம் என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கை செய்ய ஆவியானவர் என்னை ஏவுகிறார்.

2014-ஆம் வருஷம் நம் விசுவாசி ஒருவர் மில் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனார். கையில் பி.எஃப். பணம் 5 லட்சம். "பாஸ்டர், இதை போஸ்ட் ஆபீஸில போட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டார். நான் பெரிய விசுவாச வீரனைப்போல, "அண்ணாச்சி, ஆண்டவர் வருகை சமீபம். நாளைக்காக ஏன் கவலைப்படுறீங்க?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்வளவு பணமும் இளைய மகள் கல்யாணத்தில், மண்டபத்திலும் விருந்திலும் கரைந்தது.

போன மாதம் ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு, தயங்கித் தயங்கி வந்தார். "சுகர் மாத்திரைக்கு ஒரு முந்நூறு ரூபாய் இருக்குமா பாஸ்டர்?" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என் இருதயத்தைக் குத்தினது.

வேதத்தை எடுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். ஆண்டவர் மூன்று காரியங்களைக் காட்டினார்.

முதலாவது, யோசேப்பு. பஞ்சம் வரும் என்று தேவனே வெளிப்படுத்தினார். ஆனாலும் யோசேப்பு சும்மா இருக்கவில்லை, செழிப்பான 7 வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான் (ஆதி. 41). அது அவிசுவாசமா?

இரண்டாவது, யோவான் 6. ஐந்து அப்பத்தைப் பெருகப்பண்ணின ஆண்டவரே மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை! அற்புதம் செய்கிறவர் வீணாக்குகிறவர் அல்ல.

மூன்றாவது, லூக்கா 12. அந்த ஐசுவரியவான் களஞ்சியம் கட்ட நினைத்ததற்காக அல்ல, தேவனை மறந்து தனக்கென்றே சேர்த்ததற்காக மதிகேடன் எனப்பட்டான். கவலைப்படாதே என்றுதான் இயேசு சொன்னார். யோசிக்காதே என்று சொல்லவில்லை.

பிரியமானவர்களே, நம்மில் அநேகருக்கு மாதம் 15,000, 20,000தான் வருமானம். செலவு போக மிஞ்சினால் சேர்க்கலாம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. சம்பளம் வந்ததும் முதலில் தசமபாகம், அடுத்து சேமிப்பு, அப்புறம்தான் செலவு. வாலிபரே, மாதம் 1,000 ரூபாய் பி.பி.எஃப்.பில் போட்டால் 15 வருஷத்தில் நீங்கள் கட்டுவது 1,80,000. வட்டி 7 சதவீதம் இருந்தால் 3 லட்சத்துக்கு மேல் கைக்கு வரும். கூலி வேலை செய்கிற சகோதரிகளே, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம். வேலை மாறும்போது பி.எஃப்.பை எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். ஒரே வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும் என்கிறவன் கையில் பைபிளோடு வந்தாலும் நம்பாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரன் பைக் மாற்றினால் நாமும் மாற்றவேண்டுமா? ஊர் மெச்ச ஒருநாள் விருந்து வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிடவேண்டிய வயதில் வாட்ச்மேன் வேலை தேட வேண்டுமா? போதும் என்கிற மனது இருந்தால் அதுவே பெரிய ஆதாயம்.

அந்த அண்ணாச்சியின் மாத்திரைச் செலவை இப்போது நான் ஏற்றிருக்கிறேன். அது தர்மம் அல்ல, நான் தீர்க்கவேண்டிய கடன். என் மனைவியும் நானும் ஒரு ஆர்.டி. ஆரம்பித்திருக்கிறோம். ஊழியக்காரனுக்குப் பென்ஷன் கிடையாதே!

ஜெபிப்போமா? "ஆண்டவரே, நீர் தருகிறதை வீணாக்காமல் காக்கிற ஞானத்தை எங்களுக்குத் தாரும். முதிர்வயதிலும் பிறருக்குக் கொடுக்கிற கையாக எங்கள் கையை வைத்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."