சீஃப் மௌண்டனில் ஏறலாமா?

அமெரிக்காவின் மொன்டானாவில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், மற்ற மலைகளை விட்டு விலகிப் புல்வெளி ஓரமாகத் தனித்து நிற்கிறது சீஃப் மௌண்டன். உயரம் 9,080 அடி. பிளாக்ஃபீட் மக்களுக்கு அது நினைஸ்டாக்கு. பட்டினி கிடந்து, கனவில் வழிகாட்டும் சக்தி ஒன்று வராதா என்று காத்துக்கிடக்க அவர்கள் போகும் இடம். வேண்டுதலுக்குக் கட்டிய வண்ணத் துணிகள் அடிவாரத்து மரங்களில் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கும்.

கிழக்குச் சரிவு பிளாக்ஃபீட் நிலம். மேற்குப் பக்கம் கிளேசியர் தேசியப் பூங்கா. பூங்கா பொதுச்சொத்து, அதில் ஏற யாரைக் கேட்க வேண்டும் என்பது மலையேறிகளின் வாதம்.

அந்தச் சொத்து கைமாறிய விதத்தைப் பார்க்க வேண்டும். காட்டெருமைகள் அழிந்தன, அரசு தர வேண்டிய உணவும் போதவில்லை. 1883-84 குளிர்காலத்தில் பிளாக்ஃபீட் மக்களில் ஏறத்தாழ 600 பேர் பசியில் மடிந்தார்கள். அந்த வடு ஆறாத 1895இல் மலைப்பகுதியை விலை பேச அரசு வந்தது. அம்மக்கள் கேட்டது 30 லட்சம் டாலர், கிடைத்தது 15 லட்சம். அந்தப் பேச்சில் தலைவர் ஒயிட் காஃப், இந்த மலை என் தலை, அது இப்போது வெட்டுண்டு போனது என்றார். பசித்தவன் கையெழுத்து பத்திரத்துக்குப் போதும். மனச்சாட்சிக்குப் போதாது.

பிளாக்ஃபீட் மக்களும்தானே ஏறினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏறுவதே பாவம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் ஏறியது கேட்க. உச்சியை வென்றேன் என்று சொல்ல அல்ல. கோயிலுக்குள் எல்லோரும் போகலாம். கருவறைக்குள் ஓட்டப்பந்தயம் வைக்க முடியுமா? கிழக்கே வாழ்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதும், வேண்டாம் என்றால் திரும்பிவிடுவதும் ஏறுபவனின் கடமை. சட்டம் கேட்காவிட்டாலும் கடமைதான்.

பின்னாளில் அமெரிக்கப் போர்த்துறை அமைச்சரான ஹென்றி ஸ்டிம்சன் 1892இல், இருபத்து நான்கு வயதில், கிழக்குச் சுவர் வழியாக உச்சியை அடைந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு காட்டெருமை மண்டையோடு கிடந்தது, காற்றிலும் பனியிலும் அரித்துப்போய். நோன்பிருக்க வந்த ஒரு வீரர் தலையணையாகச் சுமந்து வந்தது அது என்பார்கள். ஸ்டிம்சனும் விளையாட்டாக ஏறியவர்தான். மண்டையோட்டை அவர் எடுத்துவரவில்லை. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார்.